மோட்டார் நின்ற ஆறு

காலை 6.40. திருத்தங்கலில் விருதுநகர் பஸ் ஏறினோம். 2008-ஆம் ஆண்டு தீபாவளி முடிந்து மூன்றாவது ஞாயிறு அது. மறுநாள் பட்டாசுக் கம்பெனிகளைத் திறக்கிறார்கள். என் மனைவி பாண்டியம்மாளுக்கு அதுதான் கடைசி லீவு நாள். எனக்குக் காலண்டர் சீசன். அச்சகத்தில் கெஞ்சிக் கேட்டு அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை வாங்கியிருந்தேன்.

போகிற இடத்தைக் காகிதத்தில் எனக்கு முன்பே தெரியும். மதுரைச் சாலையில் புதிதாகத் திறந்திருந்த கேளிக்கைப் பூங்காவுக்கு நோட்டீஸ் அடித்தது நாங்கள்தான். நுரை பொங்கும் ஆறு, அதில் ரப்பர் படகு, படகில் வாய் கொள்ளாமல் சிரிக்கும் நாலு பேர். ஒரு நாள் முழுக்க அந்தப் படம் என் மிஷினிலிருந்து விழுந்துகொண்டே இருந்தது. ஒரு தாளை வீட்டுக்குக் கொண்டுபோனது என் தப்பு. பாண்டியம்மாள் அதைச் சுவரில் ஒட்டிவிட்டு, போனால் இங்கேதான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு நீச்சல் தெரியாது. பஸ்ஸில் அதை இரண்டு முறை நினைவுபடுத்தினேன்.

“நீங்க கரையில உக்காந்துக்கோங்க. நான் மட்டும் போயிட்டு வாறேன்.”

“ஒன்னயத் தனியா விட்டுட்டா?”

“அப்ப வாங்க,” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளுக்குப் பயமே கிடையாது என்றுதான் பத்து வருஷமாக நினைத்திருந்தேன். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் அறையில் அவளுக்கு வேலை. தூரத்தில் எங்கேயாவது சத்தம் கேட்டால் நான் மிஷினை நிறுத்திவிட்டு, எந்தத் திசையில் புகை எழுகிறது என்று பார்க்கத் தெருவுக்கு ஓடுவேன். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும் அவளோ என்ன குழம்பு வைக்கலாம் என்று கேட்பாள்.

காலை 9.15. விருதுநகரில் பஸ் மாறி, நாற்கரச் சாலை வேலைக்காகத் தோண்டிப் போட்ட இடங்களையெல்லாம் சுற்றி, பூங்காவுக்குப் பாதை பிரியும் விலக்கில் இறங்கினோம். அங்கிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவுக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய். நுழைவுச்சீட்டு இருநூறு, படகுக்குத் தனியாக எழுபது. சுற்றிலும் கருவேலங்காடு. நடுவே சிமெண்டால் ஒரு குன்று, அதன் உச்சியில் ஒரு தொட்டி. கீழ்க்குளத்துத் தண்ணீரை ராட்சத மோட்டார்கள் தொட்டிக்கு ஏற்ற, அது சிமெண்டுப் பாறைகளுக்கு இடையே வளைந்து வளைந்து மறுபடி குளத்தில் விழுகிறது. நோட்டீஸில் நாங்கள் அடித்த நீலம் அங்கே இல்லை. தண்ணீர் பாசி நிறத்தில் இருந்தது. அதன் இரைச்சலோ நோட்டீஸில் வரமுடியாதது.

காலை 11.40. மிதவைச் சட்டை, ஹெல்மெட், வாடகைக் கேன்வாஸ் ஷூ எல்லாம் மாட்டிவிட்டார்கள். உச்சியிலிருந்து கிளம்பிய படகில் நாலு பேர். நாங்கள் இருவர், படகோட்டி சேவியர், அப்புறம் விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருக்கும் ஒரு கனத்த அண்ணாச்சி. அவருடைய குடும்பம் கீழே குளக்கரையில் சாப்பாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தது.

முதல் சரிவிலேயே என் கண்கள் மூடிக்கொண்டன. படகு ஒரு பாறையில் இடித்துத் திரும்பி அடுத்ததில் இடித்தது. மூக்கில் தண்ணீர். பாண்டியம்மாள் சிரிப்பது கேட்டது. படகின் கயிற்றை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை எரிந்தது.

இரண்டாவது வளைவில் திடீரென்று இரைச்சல் அடங்கியது. கண்ணைத் திறந்தால் ஆறு இல்லை. தண்ணீரெல்லாம் கீழே வடிந்துபோய், சரிவின் நடுவில் இரண்டு பாறைகளுக்கிடையே படகு செருகி நின்றது.

“கரண்டு போயிருச்சு. இப்ப ஜெனரேட்டர் போடுவாங்க. யாரும் எறங்காதீங்க,” என்றார் சேவியர்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது.

“கணுக்கால் தண்ணி கூட இல்ல. எம்புட்டு நேரம் இப்படியே இருக்கிறது? நான் நடந்தே போயிருதேன்.”

சேவியர் கையைப் பிடிப்பதற்குள் இறங்கிவிட்டார். நாலு எட்டு வைத்திருப்பார். பாசியில் வழுக்கி, ஒரு கால் ஷூவோடு பாறை இடுக்கில் முட்டியளவு இறங்கி மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார். வரவில்லை. எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போது மோட்டார் மறுபடி உறுமியது. மேலே தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கத் தொடங்கியது.

சேவியர் விசிலை ஊதிக்கொண்டே, “மோட்டாரை நிப்பாட்டு! ஆளு இருக்கு!” என்று கத்தினார். அந்த வளைவிலிருந்து மோட்டார் அறை தெரியாது. மோட்டார் சத்தத்தில் விசிலும் கேட்காது. நிறுத்தச் சொல்ல அவர் பாறைமேல் தாவி ஏறி ஓடினார். அண்ணாச்சியின் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. நான் பாண்டியம்மாள் பக்கம் திரும்பினேன். அவள் இடம் காலியாக இருந்தது.

பாறையில் மண்டியிட்டு இடுக்குக்குள் கையை விட்டிருந்தாள். “ஆடாதீக அண்ணாச்சி! ஷூ நாடாவ அவுக்கணும்!” தண்ணீர் அவள் முழங்காலைத் தொட்டது. நானும் இறங்கினேன். துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் படகில் தனியாக உட்கார்ந்து அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது, அவ்வளவுதான். ஒரு கையால் பாறை விளிம்பையும் மறுகையால் அவளுடைய மிதவைச் சட்டைப் பட்டையையும் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. அவள் தலை உள்ளே போனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஏழுக்கு மேல் எண்ண வாய் வரவில்லை.

அவள் மேலே வந்தபோது அண்ணாச்சியின் கால் வெறுங்காலாக வெளியே வந்தது. மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கரைச்சுவரைப் பற்றினோம். காலிப் படகு எங்களை உரசிக்கொண்டு கீழே பாய்ந்து போய் நாலைந்து பாறைகளில் மோதிக் கவிழ்ந்தது. அதற்குப் பிறகுதான் மோட்டார் நின்றது.

அண்ணாச்சியின் கணுக்காலில் தோல் உரிந்திருந்தது. பாண்டியம்மாளைப் பார்த்து, “தாயி…” என்றார். கீழே அவர் மனைவி எங்கள் இருவருக்கும் புளியோதரை வைத்துக் கொடுத்தார். என்னால் ஒரு வாய் விழுங்க முடியவில்லை. பாண்டியம்மாள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

மாலை 4.30. திரும்பும் பஸ்ஸில் அவளிடம் கேட்டேன். “ஒனக்குப் பயமாவே இல்லையா?”

அவள் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

“தெனமும் காலைல மருந்து ரூமுக்குள்ள நொழையும்போது இன்னிக்கு மாதிரிதான் பயமா இருக்கும். கை நடுங்கக் கூடாதுல்ல. அதனால பயத்த வாசல்லயே விட்டுட்டுப் போயிருவேன். சாயங்காலம் வரும்போது எடுத்துக்கிருவேன்.”

“எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலயே.”

“சொன்னா நீங்க வேலைக்கு விடுவீகளா?”

விடமாட்டேன். ஆனால் அவள் சம்பளம் இல்லாமல் வீடு நடக்காது என்பதும் இருவருக்கும் தெரியும். ஆமத்தூர் தாண்டியதும் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

அந்தப் பூங்காவில் ஆபத்தை ஒரு மோட்டார் விசையில் வைத்திருக்கிறார்கள். கத்தினால், ஓடினால், தாமதமாகவாவது யாரோ நிறுத்துகிறார்கள். எங்கள் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் அப்படி ஒரு விசையை நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை 7.10-க்குக் கம்பெனி வேன் வந்தது. வழக்கமாக வாசலிலிருந்தே தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். அன்று வேன் வரைக்கும் கூடவே போனேன். “என்ன இது புதுசா?” என்று சிரித்தபடி ஏறினாள். வேன் திருப்பத்தில் மறைந்த பிறகும் நான் தெருவிலேயே நின்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.