சனிக்கிழமைகளில் பூமி தட்டை

எனக்கு வாய்த்த சக்களத்திக்கு மீசை இருந்தது. கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தங்கியிருந்த துறைமுகக் கிளாக்கர் அவர். என் கணவரோடு ஒன்றாகப் படித்தவர். சனிக்கிழமை பின்னேரம் ஆனால் டிராம் காரில் கோட்டைக்கு வந்து, அங்கிருந்து ரயில் பிடித்து வெள்ளவத்தையில் இறங்கி, குடையும் கையுமாக எங்கள் ஒழுங்கைக்குள் நுழைவார். அந்தக் குடையைக் கண்டாலே எனக்கு வயிறு பற்றி எரியும்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய காலம் அது, வெள்ளைக்காரன் ராச்சியம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இவர் ஒரு கல்லூரியில் விஞ்ஞான வாத்தியார். குடி இல்லை, சீட்டு இல்லை. ஆனால் என்னோடு கதையும் இல்லை. மீன் விலை ஏறிவிட்டது என்றால் "ஓம்". மழை வரப்போகிறது என்றால் "ஓம்". கோபத்தில் ஒருநாள் மழை வராது என்று மாற்றிச் சொன்னேன். அதற்கும் "ஓம்" என்றார். இந்த மனுஷன் பிறவியிலேயே வாய் செத்தவர் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அப்படித்தான் இருக்கட்டும் என்றால், சனிக்கிழமை வந்ததும் அந்த வாய்க்கு உயிர் வந்துவிடும்!

விஷயம் இதுதான். ஏதோ ஒரு கப்பல்காரன் இந்தத் துறைமுகச் சிநேகிதருக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருக்கிறான். பூமி உருண்டை இல்லை, தட்டை என்று அதில் இருந்ததாம். அதைப் படித்த நாளிலிருந்து சிநேகிதர் தட்டைக் கட்சி. உருண்டை என்றால்தான் ஆட்கள் விழாமல் பிடித்துவைக்க கிராவிற்றி என்ற இழுவை வேண்டும், தட்டைக்கு அது தேவையில்லை என்பதுதான் அந்தப் புத்தகத்தின் அத்திவாரம்.

"மச்சான், கிராவிற்றி எண்டு ஒண்டும் இல்லை" என்பார் கதிரையில் குந்தியதுமே. "காத்தைவிடப் பாரமானது விழும். காத்தைவிட லேசானது எழும்பும். எண்ணெய் தண்ணியிலை மிதக்குதே, அதை ஆர் பிடிச்சு இழுக்கினம்? எல்லாம் டென்சிற்றி, அடர்த்தி செய்யிற வேலை. இதுக்கு ஏன் உன்ரை கிராவிற்றி?"

"காத்தை முழுக்க எடுத்த கண்ணாடிக் குழாயுக்கையும் காசு விழுகுதடா!" என்று இவர் துள்ளுவார்.

"முழுக்க எடுத்தனி எண்டு ஆர் கண்டது? நீ கண்டனியோ?"

இவர் தொடையில் அடித்துச் சிரிப்பார். கலியாண வீட்டில்கூட இவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கடற்கரைப் பக்கம் ரயில் கூவிக்கொண்டு போகும், அந்தச் சத்தத்துக்கு மேலால் இரண்டு பேரும் கத்துவார்கள். நான் வடை சுட்டுக் கொண்டுபோய் வைப்பேன். தட்டு வெறுமையாகும். யார் கொண்டுவந்து வைத்தது என்று ஏறெடுத்துப் பார்க்க ஆள் இருக்காது.

பரிசோதனை வேறு. ஒரு நாள் என் முட்டையை எடுத்துத் தண்ணீரில் போட்டு, அது தாழ, என் உப்பை அள்ளிக் கொட்டி மிதக்க வைத்தார் இவர். "பாத்தியே, நான் சொன்ன டென்சிற்றி!" என்று சிநேகிதர் கை தட்டினார். இவர் தலையைச் சொறிந்தார். இதென்ன வாத்தியார், செய்து காட்டுவதெல்லாம் எதிராளிக்குத்தான் வாய்ப்பாக முடிகிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

சரி, கதைக்க அதுதான் வேண்டும் என்றால் அதையே கதைப்போம் என்று ஒரு வெள்ளிக்கிழமை நானும் துணிந்தேன். சோற்றைப் போட்டுவிட்டு எதிரே நின்றேன்.

"இஞ்சாருங்கோ, யோசிச்சுப் பாத்தன். பூமி தட்டைதான்."

"ஓம்" என்றார் இவர். "ரசம் கொஞ்சம் விடும்."

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அதையும் இவர் கவனிக்கவில்லை.

மறுநாள் எண்ணெய்ப் பரிசோதனை. ஒரு போத்தலில் பாதித் தண்ணீரும் மீதி நல்லெண்ணெயும் விட்டு, மூடி இறுக்கி, மணிக்கணக்காக வாதாடினார்கள். பிறகு கழுவ என்னிடம் வந்தது அது. ஆத்திரத்தில் கழுவாமல் ஒரு பக்கமாகச் சரித்துப் போட்டேன். எண்ணெய் மேல் பக்கவாட்டுக்கு வந்து நின்றது. கவிழ்த்தேன், போத்தலின் அடிக்கு ஏறியது. எப்படிப் பிடித்தாலும் வானத்துப் பக்கம்தான் அதற்கு. அடுப்படியிலேயே நின்று நெடுநேரம் அதைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் போத்தலை அப்படியே எடுத்து வைத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை வடையோடு அதையும் கொண்டுபோனேன். வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதிரை இழுத்து உட்கார்ந்தேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணை, ஒரு கேள்வி" என்றேன். "பாரமானது கீழை போகும் எண்டுறியள். கீழை எது எண்டு அதுக்கு ஆர் சொன்னது?"

"விளங்கேல்லை, தங்கச்சி."

போத்தலை நிமிர்த்தினேன், சரித்தேன், கவிழ்த்தேன். "உள்ளுக்கை எண்ணெயும் தண்ணியும் மட்டும்தான். எண்ணெயைவிடத் தண்ணி பாரம், சரி. பாரமாயிருந்தால் அதுக்கு என்ன? வலப்பக்கம் போகலாம், இடப்பக்கம் போகலாம், ஏன் எப்பவும் தரையைப் பாத்தே போகுது? தரைப் பக்கம் ஏதோ ஒண்டு அதைக் கூடுதலாய்ப் பிடிச்சு இழுக்கத்தானே வேணும்? இழுவை இல்லாட்டில் பாரம் எண்ட சொல்லே இல்லையே."

சிநேகிதர் போத்தலை வாங்கித் தானும் திருப்பிப் பார்த்தார். ஒரு முறை இல்லை, பல முறை. பிறகு மெதுவாக மேசையில் வைத்தார்.

"தங்கச்சி சொல்லுறது சரி, மச்சான். என்ரை புத்தகம் போச்சு."

எனக்கு வானத்தில் பறப்பதுபோல் இருந்தது. இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, இருண்டு போயிருந்தது. கொஞ்ச நேரம் சம்பள உயர்வைப் பற்றி ஏதோ கதைத்தார்கள். வழக்கத்துக்கு முன்னமே சிநேகிதர் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

அடுத்த சனி அவர் வரவில்லை. அதற்கடுத்த சனியும் இல்லை. இவர் விறாந்தையில் இரண்டு கதிரை போட்டு, ஒன்றில் இருந்து ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கை உங்கடை சிநேகிதர்?"

"இனி என்னத்தைக் கதைக்க வாறது?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. "நான் கேட்ட கேள்வியை வாத்தியார் நீங்கள் ஏன் கேக்கேல்லை? இவ்வளவு படிச்சும் இது தெரியாதோ?"

"முதல் நாளே தெரியும்" என்றார் இவர்.

"பிறகேன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் அண்டைக்கே முடிஞ்சிருக்கும்."

ஒரு சிநேகிதன் ரயிலேறி வரவேண்டும் என்பதற்காக, வாய் வரை வந்த வெற்றியை வாராவாரம் விழுங்கியிருக்கிறார் இந்த மனுஷன்! என்னிடம் சம்மதித்ததெல்லாம் கதையை முடிக்க. அவரிடம் தோற்றதெல்லாம் கதை முடியாமல் இருக்க.

"எனக்காக எப்பவாவது இப்பிடித் தோத்திருக்கிறியளோ?" என்று கேட்டேன்.

இவருக்குப் பொய் சொல்ல வராது. ஒழுங்கைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வந்துபோன சனிக்கிழமைகளில் அந்தச் சிநேகிதர் மேல் எனக்கிருந்தது ஒரு பொறாமையே இல்லை. அவர் வராத அன்றைக்கு வந்ததுதான் பொறாமை.