ஜன்னல் ஓரத்துச் சும்மாடு

2008-ஆம் வருடம். திண்டிவனத்தில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தாவாக இருந்தேன். முப்பத்திரண்டு வயது, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், சனிக்கிழமையும் அரை நாள் வேலை. இந்த லட்சணத்தில், வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சென்னையில் ஒரு கல்லூரி ஞாயிறுதோறும் நடத்திய 'ஃபைனான்ஷியல் இன்ஜினீயரிங்' என்ற பணச்சந்தைப் படிப்பில் சேர்ந்திருந்தேன். "பேங்க்குல இருந்துக்கினு எதுக்கு இன்ஜினீயரிங்?" என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. மாதா கோயில் ஞாயிறு பூசைக்கு நான் வராதது மாமியாருக்குப் பெரிய மனக்குறை. கணவர் மட்டும் எதுவும் கேட்காமல் ஸ்கூட்டரில் கொண்டுவந்து ஸ்டேஷனில் விடுவார்.

விழுப்புரத்திலிருந்து தாம்பரம் போகும் பாசஞ்சர், திண்டிவனம் வரும்போதே நிரம்பியிருக்கும். முதல் சில வாரங்கள் பெண்கள் பெட்டியில் கதவோரம் நின்றுகொண்டே படித்தேன். ஒரு ஞாயிறு, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வேகவைத்துக் கூடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"புக்குக்காரம்மா, இங்க வா. நின்னுக்கினே படிச்சா மண்டைல ஏறுமா? குந்து."

கூடைக்கு அடியில் தலையில் வைக்கும் சும்மாட்டுத் துணியை ஜன்னல் ஓரத்தில் போட்டு வைத்திருந்தார். அதை எடுத்துவிட்டு எனக்கு இடம் கொடுத்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். விழுப்புரத்தில் ஏறி, தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் விற்கிறவர். அன்று முதல் ஒவ்வொரு ஞாயிறும் அந்தச் சும்மாடு எனக்காக ஜன்னல் ஓரத்தில் கிடந்தது. யாராவது சண்டைக்கு வந்தால், "திண்டிவனத்துல ஆள் ஏறும்" என்று ஒரே பேச்சாக முடித்துவிடுவாராம். இதைச் சொன்னவர் அவருடன் வரும் வெள்ளரிப்பிஞ்சு விற்கும் பெண். இரண்டு பேர் பெயரையும் நான் கேட்டதில்லை. அவர்களும் என் பெயரைக் கேட்கவில்லை.

என்னைப் பாடாய்ப் படுத்தியது ஒரே ஒரு பாடம். ஆப்ஷன் என்பார்கள். ஒரு பொருளைப் பிற்பாடு இன்ன விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமைக்காக இப்போதே ஒரு சிறு தொகை கொடுத்து வைப்பது. வேண்டாமென்றால் வாங்காமல் விட்டுவிடலாம். இவ்வளவுதான் விஷயம். ஆனால் பரீட்சை ஹாலில் உட்கார்ந்தால் வாங்குகிறவனின் நஷ்டத்தை விற்கிறவன் தலையிலும், விற்கிறவனின் நஷ்டத்தை வாங்குகிறவன் தலையிலும் கட்டிவிட்டு வருவேன். இரண்டு முறை ஃபெயில். இன்னொரு முறைதான் எழுத முடியும். அதிலும் போனால் படிப்புக்கான காலக்கெடு முடிந்துவிடும். என் மகள் வீட்டில் நான் இல்லாமல் கழித்த மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளும் வீண்.

இரண்டாம் முறை ஃபெயிலான செய்தி வந்த வாரம், அந்த அக்கா ஆசையாகத்தான் கேட்டார். "இன்னாம்மா இருக்குது அந்த புக்குல? சொல்லேன், நானும் கேட்டுக்கினு வர்றேன்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு எரிச்சல் வந்ததோ. "அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாதுக்கா" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுக் கூடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை. அடுத்த வாரமும் சும்மாடு அதே இடத்தில் கிடந்தது. நானும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் போய் உட்கார்ந்தேன்.

கடைசிப் பரீட்சை அன்று ரயிலில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இவர்கள் இரண்டு பேரும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மயிலம் பக்கத்தில் ஒருவருடைய கொல்லை நிலத்தில் விளையும் மல்லாட்டையை, அறுவடைக்கு முன்பே விலை பேசி அச்சாரம் கொடுத்திருந்தாராம் அக்கா. இப்போது வெளியில் விலை இறங்கிவிட்டதாம்.

"அச்சாரம் போச்சே" என்றார் வெள்ளரிக்காரப் பெண்.

"போனா அதோட போச்சி. நான் வேற எடத்துல வாங்கிக்கினு போறேன். வெல ஏறியிருந்தா அவரு பேசின வெலைக்கே குடுத்துத்தான ஆவணும்?"

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்கக்கா, பரீட்சை இருக்கு" என்றேன், வெடுக்கென்று. அதன்பின் தாம்பரம் வரை அவர் வாயே திறக்கவில்லை. எதிர் சீட்டில் பேசியவர்களையும் அடக்கினார். இறங்கும்போது ஒரு பொட்டலம் மல்லாட்டையை என் பையில் திணித்து, "பதறாம எழுது" என்றார்.

கேள்வித்தாளைப் பார்த்தேன். அதே ஆப்ஷன். வழக்கம்போல வாங்குகிறவனும் விற்கிறவனும் தலைக்குள் இடம் மாறினார்கள். பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடினேன். மயிலத்துக் கொல்லைதான் வந்தது. அச்சாரம் கொடுத்தவருக்குப் போனால் அச்சாரம் மட்டும். அச்சாரம் வாங்கினவர், விலை எவ்வளவு ஏறினாலும் பேசின விலைக்கே கொடுத்தாக வேண்டும். மூன்று வருடம் நான் முட்டி மோதிய பாடத்தை அந்த அக்கா சர்வசாதாரணமாகச் செய்துகொண்டிருக்கிறார். அவரிடம் போய் 'உங்களுக்குப் புரியாது' என்று சொல்லியிருக்கிறேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துடைத்துக்கொண்டு கடகடவென்று எழுதினேன்.

அடுத்த ஞாயிறு வகுப்பு இல்லை. பூசைக்குப் போனேன், மகளோடு விளையாடினேன். ஒரு நாள் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தபடியே ஞாயிறுகள் போயின. இரண்டு மாதம் கழித்துப் பாஸ் என்று தெரிந்ததும் ஸ்வீட் பாக்ஸோடு அதே ரயிலில் ஏறினேன். ஜன்னல் ஓரத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

"அது புருசனோட கட்டட வேலைக்கு பெங்களூரு போயிடுச்சிம்மா. போன் எல்லாம் கெடையாது" என்றார் வெள்ளரிக்காரப் பெண். பிறகு மெதுவாக, "நீ வரலைன்னாலும் அது போற வரைக்கும் வாரா வாரம் சும்மாட்டப் போட்டு வச்சிக்கினுதான் இருந்துச்சி. திண்டிவனம் வந்தா கதவையே பாக்கும். பரீட்சை இன்னா ஆச்சோன்னு கேட்டுக்கினே இருக்கும்" என்றார்.

ஸ்வீட் பாக்ஸை அவர் கையில் கொடுத்துவிட்டுச் செங்கல்பட்டிலேயே இறங்கிவிட்டேன்.

இன்று பதவி உயர்ந்து, வங்கியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் வகுப்பு எடுக்கிறேன். ஆப்ஷன் என்றால் மல்லாட்டைக் கொல்லைதான் சொல்வேன். உடனே புரிகிறது என்கிறார்கள். எனக்கோ சொல்ல வேண்டியவரை விட்டுவிட்டு வேறு யாருக்கோ சொல்வதுபோலவே இருக்கிறது. 'இன்னாம்மா இருக்குது அந்த புக்குல' என்று அந்த அக்கா இன்னொரு முறை கேட்க மாட்டாரா என்று ஏங்குகிறேன். 'நீங்க பண்றதுதான்க்கா இருக்கு' என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும்.