ஆறாவது படத்தில் ஒரு முள் கீறல்

ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. பிற்பகல் 3.20. வேலூரில் 36 டிகிரி, மேகமூட்டம், காற்று துளிகூட இல்லை.

டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே பதினோரு நாற்காலிகள் உண்டு. நான்காவதில் உட்கார்ந்தபடி, நான் முகம்கூடப் பார்த்திராத ஒரு மனிதருக்கு 12,500 ரூபாய் அனுப்பினேன். போனில் பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

சிரிக்காதீர்கள். முழுக்கக் கேளுங்கள்.

என் மனைவி எஸ்தருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். செவ்வாய், வெள்ளி. ஆம்பூரில் எங்கள் வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். போகும்போது பரவாயில்லை... வரும்போதுதான். நான்கு மணி நேரம் மெஷினோடு படுத்திருந்துவிட்டு வருபவள், பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொள்வாள். பஸ் குலுங்கும்போது இடிக்காமல் இருக்க, கம்பிக்கும் நெற்றிக்கும் நடுவில் நான் உள்ளங்கையை வைத்துக்கொள்வேன். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அந்தக் கம்பிகூடக் கிடைக்கவில்லை. கூட்டம். உட்கார இடம் கிடைக்க 22 நிமிடம் ஆனது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

அன்று இரவே முடிவு செய்தேன் — பழைய கார் ஒன்று வாங்குவது. எனக்கு ஓட்டத் தெரியும். லைசென்ஸுக்கு இன்னும் மூன்று வருடம் ஏழு மாதம் உயிர் இருக்கிறது. கையில் இருந்தது மூன்று லட்சம்.

இன்டர்நெட்டில் தேடினேன். மூன்றாம் நாள் அந்த விளம்பரம் வந்தது. சின்ன கார், வெள்ளை நிறம், பன்னிரண்டு வருடப் பழசு. விலை 1,65,000. மற்றவர்கள் அதே வண்டிக்கு இரண்டே முக்கால், மூன்று என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மொத்தம் பதினான்கு படங்கள். ஆறாவது படத்தில் டிரைவர் சீட்.

இந்தப் பத்தியின் வாசகர்கள் பலருக்குத் தெரியும், நான் முப்பத்தொரு வருடம் தோல் ஃபேக்டரியில் செலக்‌ஷன் பிரிவில் இருந்தவன். தோலைத் தடவிப் பார்த்து ஏ, பி, சி, ரிஜெக்ட் என்று பிரிப்பதுதான் வேலை. படத்தைப் பெரிதாக்கினேன். ரெக்சின் இல்லை, அசல் மாட்டுத் தோல்! தையலைப் பார்த்தாலே தெரிந்தது, நம் பக்கத்து வேலை. சீட்டின் இடது ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு. மற்றவர்கள் அதைக் கிழிசல் என்பார்கள். அது கிழிசல் அல்ல. மாடு உயிரோடு இருந்தபோது முள்வேலியில் உரசி, ஆறிப்போன தழும்பு. தோல் அதன்மேல் மறுபடி வளர்ந்திருக்கும். உறுதியில் குறைவே இருக்காது.

போன் போட்டேன். எதிர்முனையில் ஒரு கம்பீரமான குரல்.

"ஜெய் ஹிந்த் சார். நான் ஆர்மில இருக்கேன். டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, அதான் வண்டிய கம்மி ரேட்டுக்குத் தர்றேன். வண்டி இப்ப சென்னை ஏர்போர்ட் குடோன்ல இருக்குது."

"சீட் கவர் எங்கே தச்சீங்க?"

"கம்பெனி ஃபிட்டிங் சார். ஒரிஜினல் இம்போர்ட்டட்."

இங்கேதான் உங்கள் பத்தி எழுத்தாளர் கோட்டைவிட்டார். அது கம்பெனி சீட் இல்லை என்று எனக்குத் தெரியும். சத்தியம் செய்வேன். தெரிந்தும் என்ன நினைத்தேன்? 'பாவம், பட்டாளத்துக்காரர், தோலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்!' என்று நினைத்தேன். அவர் வண்டியைப் பற்றி அவரைவிட எனக்கு அதிகம் தெரிகிறதே என்று பெருமைப்பட்டேன்.

விற்கிறவரைவிட வாங்குகிறவனுக்குப் பொருளைப் பற்றி அதிகம் தெரிந்தால், பெருமைப்படக் கூடாது சார்... பயப்பட வேண்டும்.

அடையாள அட்டை வந்தது. சீருடையில் படம் வந்தது. "கேட் பாஸுக்கு 12,500 மட்டும் போடுங்க சார், ரீஃபண்ட் ஆயிடும். இன்னொரு பார்ட்டி வேற கேட்டுக்கிட்டு இருக்காரு" என்றார். போட்டேன். நாற்பது நிமிடத்தில் மறுபடி அழைப்பு. இன்ஷூரன்ஸுக்கு 18,000. அதுவும் ரீஃபண்டாம். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. "வண்டியை நேரில் பார்த்துட்டுத் தர்றேனே" என்றேன். அவ்வளவுதான். அந்த நம்பர் அதன்பிறகு எடுக்கவே இல்லை.

சைபர் கிரைமில் புகார் கொடுத்தேன். விசாரணையில் இருக்கிறது.

எஸ்தரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவளுக்காக வைத்திருந்த பணம் அல்லவா?

எங்கள் வீடு மாடியில். பதினேழு படி. டயாலிசிஸ் முடிந்து வரும் நாட்களில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே ஏற்றுவேன். ஒன்பதாவது படியில் ஒரு நிமிடம் ஓய்வு. மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, ஒன்பதாவது படியில் அவளாகவே நின்றாள்.

"ஏங்க, இன்னா ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லையே."

"செவ்வாக்கெழமையும் எண்ணல, இன்னிக்கும் எண்ணல. எவ்ளோ போச்சு?"

'என்ன போச்சு' என்று கேட்கவில்லை, கவனியுங்கள். முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவள். சொன்னேன். படியிலேயே உட்கார்ந்து கேட்டாள். நானும் உட்கார்ந்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"சரி உடுங்க. எனக்கு பஸ்ஸு பழகிடுச்சு" என்றாள். பிறகு, "முப்பது வருஷம் தோல் பாத்தவரையே தோல காட்டி ஏமாத்திட்டானே... கெட்டிக்காரன்தான். எங்க, அந்த போட்டோவ காட்டுங்க, நானும் பாக்கறேன்" என்றாள்.

காட்டினேன். அவள் சீட்டைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனாள்.

"இன்னாங்க இது, காருக்குப் பின்னாடி ஏலகிரி மலை தெரியுது! ஏர்போர்ட்டுல ஏலகிரி எப்படி வந்துச்சு?"

பதினான்கு படங்கள் என்று எண்ணியவன் நான். பார்த்தது ஒன்றைத்தான்.

"இங்க பாருங்க, பின்சீட்டுல துண்டு மடிச்சி வெச்சிருக்குது. யாரோ வூட்டு வண்டிங்க இது. அவங்க போட்டோவ எடுத்துத்தான் இந்தத் திருடன் ஊரை ஏமாத்தறான். பாவம், அவங்களுக்கு இது தெரியுமா? நீங்க சொல்ல வேணாமா?"

ஏமாந்தவன் நான். இவள் யாரோ ஒருவருக்காகக் கவலைப்படுகிறாள்!

அடுத்த மூன்று டயாலிசிஸ் நாட்கள், அதே நாற்காலி. ஏலகிரி தெரிகிற ஊர்கள் எவை? ஜோலார்பேட்டை, திருப்பத்தூர்... அந்தப் பக்கத்து விளம்பரங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். 143-வது விளம்பரத்தில் அதே சீட், அதே தழும்பு. எட்டு மாதத்துக்கு முன் போட்டது. ஊர் திருப்பத்தூர். விலை 2,85,000.

அழைத்தேன். ஓர் அம்மாள் எடுத்தார்.

"வணக்கம்மா. உங்க கார் போட்டோவ வெச்சு ஒருத்தன் மோசடி பண்றான். நான் அதுல ஏமாந்தவன்..."

"பேங்க்லேர்ந்து பேசறீங்களா? நான் ஓ.டி.பி. எல்லாம் சொல்ல மாட்டேன்!"

கட். மறுபடி அழைத்தேன்.

"அம்மா, நான் எதுவும் கேக்கல, சொல்றதுக்குத்தான்..."

"போன வாரம் ஒருத்தனும் இப்டிதான் ஆரம்பிச்சான். போலீஸ்ல சொல்லிடுவேன், வெய்யா போன!"

எழுபது வயதில் மோசடிக்காரன் என்ற பட்டமும் கிடைத்தது. மூன்றாவது முறை எடுத்தவுடனேயே, அவர் வாயைத் திறக்கும் முன் சொன்னேன். "டிரைவர் சீட்ல இடது ஓரம் ஒரு கோடு இருக்கும்மா. எல்லாரும் கிழிசல்னு சொல்லியிருப்பாங்க. அது கிழிசல் இல்ல. மாடு வேலியில உரசின தழும்பு. அந்தத் தோல் வரும்போதே அப்படித்தான் வந்திருக்கும்."

கட் ஆகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். இல்லை. விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"நெசமாவா?" என்றார். குரல் மாறியிருந்தது. "என் குடை கிழிச்சதுன்னு பத்து வருஷம் சொல்லிக்கிட்டே இருந்தாருங்க எங்க வூட்டுக்காரரு. சீட்டு தச்சி வந்த மறுநாளு நான் குடையோட உள்ள ஏறிட்டேன். அன்னிலேர்ந்து வண்டில ஏறும்போதெல்லாம், 'ருக்கு, குடைய வெளிய வெச்சிட்டு ஏறு'ன்னுவாரு. நானும் நான்தான் கிழிச்சேன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்..."

கணவர் ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரில் இருந்தவராம். போய்ச் சேர்ந்து பதினான்கு மாதம். வண்டியை விற்கலாம் என்று விளம்பரம் போட்டிருக்கிறார் ருக்மணி அம்மாள். வந்தவர்கள் எல்லாம் அந்தக் கோட்டைக் காட்டி விலையைக் குறைத்திருக்கிறார்கள். வெறுத்துப்போய் யாருக்கும் காட்டாமல் விட்டுவிட்டாராம்.

"நீங்க வாங்கறதா இருந்தா வாங்க. நேர்ல வந்து பாருங்க. காசெல்லாம் அப்பறம்" என்றார்.

நேரில் வந்து பாருங்கள்! இதுவல்லவா விற்கிறவர் பேசும் பேச்சு?

ஞாயிற்றுக்கிழமை போனோம். நான், எஸ்தர், எங்கள் தெரு மெக்கானிக் அன்வர் பாய். இந்த முறை நான் சீட்டின் பக்கமே போகவில்லை. பாய் பானெட்டைத் திறந்தார். ஆர்.சி.-யில் இருந்த சேசிஸ் நம்பரை வண்டியில் இருந்ததோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார். பதினேழும் சரி. ஆர்.சி. அம்மாள் பெயருக்கு மாறியிருந்தது. கடன் பாக்கி இல்லை. ஓட்டியும் பார்த்தாயிற்று.

பாய் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "சார், இஞ்சின் சூப்பரா கீது. ஆனா சீட்டுல ஒரு கிழிசல் கீது பாத்தியா? அத சொல்லி பத்தாயிரம் கம்மி பண்ணு."

"அது கிழிசல் இல்ல பாய்."

"தெரியும் சார். சும்மா சொல்லேன். வியாபாரம்தானே?"

"முடியாது பாய். நான்தான் அது கிழிசல் இல்லேன்னு அந்தம்மாகிட்ட சொன்னேன்."

பாய் தலையில் அடித்துக்கொண்டார். "ஒன்னோட பேஜாரா பூடுச்சி சார்!"

கேட்ட விலையைக் கொடுத்தேன். சாவியைக் கொடுக்கும் முன் ருக்மணி அம்மாள் பின்கதவைத் திறந்து, மடித்து வைத்திருந்த துண்டை எடுத்துக்கொண்டார். "இத மட்டும் நான் வெச்சிக்கறேன்" என்றார். எஸ்தர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அம்மாள் முன்பக்கம் வந்து, சீட்டின் அந்தக் கோட்டை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார். "பாத்தீங்களா... நான் இல்ல" என்றார். எங்களிடம் சொன்ன மாதிரி தெரியவில்லை.

இந்தச் செவ்வாய், வேலூரிலிருந்து திரும்பும்போது எஸ்தர் முன்சீட்டைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். இடிக்கக் கம்பி இல்லை. என் உள்ளங்கைக்கும் வேலை இல்லை. பள்ளிகொண்டா தாண்டியதும், தூங்குகிறாள் என்று நினைத்து மெதுவாகச் சொன்னேன்.

"வண்டி ரெண்டு எண்பத்தஞ்சு. ஏமாந்தது பன்னெண்டாயிரத்து ஐநூறு. அதைத் தனியா எழுதி வெச்சிருக்கேன்."

கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "எதுக்குத் தனியா? அந்தக் காசு போவலன்னா இந்த வண்டி எங்கேர்ந்து வந்திருக்கும்? சேத்தே எழுதுங்க."

சேர்த்தே எழுதிவிட்டேன். காரின் விலை: ரூபாய் 2,97,500.