தவமணி நடத்திவைத்த கடல் கல்யாணம்

பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி ஒன்றில், ஒன்பதாம் மாடியில் தவமணி குடியிருக்கிறாள். அரிசி டின்னுக்கு மேலே ஒரு பலகை அடித்து, அதில் ஏழு ஆய்வேடுகளை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறாள். ஏழும் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையில் எழுதப்பட்டவை. ஏழிலும் தவமணி இருக்கிறாள். எதில் எத்தனையாம் பக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஃபெர்ரிக் கப்பல் பற்றிய ஆய்வில் பக்கம் 112. நாதஸ்வரக்காரர்கள் பற்றியதில் 47. பினாங்கின் பழைய மழைப் பதிவுகளை ஆராய்ந்த ஒருவர்கூட இவளை 203ஆம் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார். மழைக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், சொல்கிறேன்.

அறுபத்தொன்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. ஆனால் ஒன்று, அந்த ஏழு புத்தகத்திலும் தவமணி சொல்லியிருப்பது ஒரே விஷயம். அது பச்சைப் பொய்.

பொய் பிறந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அன்று அடைமழை. ஹக்கீம் என்ற வரலாற்று மாணவர் இரண்டு பஸ் மாறி, லிஃப்ட் வேலை செய்யாமல் ஒன்பது மாடியும் ஏறி, மூச்சு வாங்க வந்து நின்றார். அந்தக் காலத்தில் தினமும் ஃபெர்ரியில் போய்வந்தவர்களைத் தேடி ஆய்வு செய்கிறாராம். கோயிலில் யாரோ இவள் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். வாசலில் கழற்றிப் போட்ட காலுறையிலிருந்து தண்ணீர் குளமாக ஓடியது. பார்க்கவே பாவமாக இருந்தது. தவமணி தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தாள். பிஸ்கட் டின்னைத் திறந்து வைத்தாள். அவர் ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்து முதல் கேள்வியைக் கேட்டார்.

"ஆன்ட்டி, எழுபத்தி நாலுல இருந்து தினமும் காலைல ஃபெர்ரி ஏறி அக்கரைக்கு, பட்டர்வொர்த்துக்குப் போயிருக்கீங்க. எதுக்குப் போனீங்க?"

தவமணி பிஸ்கட் டின்னை மூடினாள். எதுக்கா? பட்டர்வொர்த்தை அடுத்த பிறை என்ற ஊரில், மின்னணுச் சாமான் செய்யும் பேக்டரியில் வேலை பார்க்கத்தான். அதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்பீர்கள். உங்களுக்கென்ன! அவளுடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பல் ஏறும்போதே கிராணி வேலைக்கென்று, அதாவது ஆபீஸ் எழுத்தர் வேலைக்கென்று ஏறியவர். அப்பா ஐயாத்துரை துறைமுகத்தில் தலைமைக் கிராணி. சித்தப்பா கிராணி, மாமா கிராணி. பேனா பிடிக்காத கை அந்தக் குடும்பத்தில் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டுப் பெண் பேக்டரிக்குப் போகிறாள் என்று வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். அப்பா நோயில் விழுந்து, வேறு வழியில்லாமல் அவளை அனுப்பியபோது, யார் கேட்டாலும் "பிள்ளைக்குப் பட்டர்வொர்த்தில் ஆபீஸ் வேலை" என்று சொல்வதாக வீட்டில் முடிவெடுத்தார்கள்.

முடிவெடுத்தது அவர்கள். பாடுபட்டது தவமணி. காலையில் சேலையும் தோல்பையுமாக, ஆபீஸ்காரியாக வீட்டை விட்டு இறங்குவாள். ஃபெர்ரி நகர்ந்ததும் அதன் கழிவறைக்குள் புகுந்து, ஆட்டத்தில் முழங்கையை இடித்துக்கொண்டு, சேலையைக் கழற்றி மடித்துப் பையில் திணித்து, பேக்டரியின் நீல அங்கியை மாட்டிக்கொண்டு வெளியே வருவாள். எல்லாம் அக்கரை சேர்வதற்குள் முடிந்தாக வேண்டும். மாலையில் அதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். அப்பா போய்ச் சேர்ந்தார், தீவுக்கும் அக்கரைக்கும் நடுவில் பாலம் வந்தது, தவமணி ஓய்வும் பெற்றாள். ஆபீஸ் வேலை என்ற கதை மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது.

ஆகவே ஹக்கீம் கேட்டதும் அவள் வாய் தானாகப் பேச்சை மாற்றியது.

"அத விடுங்க தம்பி. அந்த வருஷம் ஃபெர்ரியிலேயே ஒரு கல்யாணம் நடந்துச்சு. அது தெரியுமா உங்களுக்கு?"

ஹக்கீமின் கண் விரிந்தது. அவ்வளவுதான், தவமணிக்குக் குஷி பிறந்துவிட்டது. பட்டர்வொர்த் கோயிலுக்குப் போகவேண்டிய கல்யாணக் கூட்டம். ஃபெர்ரி தாமதம். நடுக்கடலில் முகூர்த்தம் வந்துவிட்டது. ஐயர் கத்துகிறார், பெண்ணின் அம்மா அழுகிறாள். கப்டன் மனம் இரங்கி என்ஜினை நிறுத்த, கார்களுக்கு நடுவில் வைத்துத் தாலி கட்டினான் மாப்பிள்ளை! சொல்லி முடித்தபோது அவளுக்கே கண் கலங்கியிருந்தது.

அது ஹக்கீமின் ஆய்வில் அச்சானது. அச்சானதைப் பார்த்து அடுத்தவர் வந்தார். நாதஸ்வரக்காரர்களை ஆராய்ந்தவர், "யார் வாசிச்சாங்க ஆன்ட்டி?" என்றார். அவ்வளவு தூரம் வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? பிறையிலிருந்து வந்த குள்ளமான ஒருவர் என்றாள். பெண்களின் உடையை ஆராய்ந்தவளுக்கு அரக்கு நிறத்தில் ஒரு கூறைச் சேலை கொடுத்தாள். உணவை ஆராய்ந்தவருக்கு வடை பரிமாறினாள். மழைக்காரருக்கு லேசான தூறல் போட்டாள். மணப்பெண்ணின் மாலையிலிருந்து ஒரு கடற்காக்கை பூவைக் கொத்திக்கொண்டு போனதை யாருக்குச் சொன்னாள் என்பது மட்டும் நினைவில்லை, ஆனால் அதுவும் அச்சாகிவிட்டது. அவள் வாழ்வில் நடந்த ஒரே கல்யாணம் அது. குறை வைக்காமல் நடத்தினாள்.

எல்லாம் பிரியந்தி வரும்வரைதான்.

பிரியந்தி முனைவர் பட்ட மாணவி. முப்பது வயது. எதையும் இரண்டு தடவை கேட்பாள், மூன்றாம் தடவை எழுதிக்கொள்வாள். பினாங்குத் தமிழர்கள் பஞ்சாங்க நேரத்துக்கும் கடிகார நேரத்துக்கும் நடுவில் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்பது அவள் ஆய்வு. நான்கு வருஷமாக ஞாயிறு தவறாமல் வருவாள். வரும்போது பாசாரிலிருந்து கீரை வாங்கி வருவாள். தவமணிக்கு அவளை மிகவும் பிடிக்கும். வம்பே அங்குதான்.

போன மாதம் ஒரு நாள் அவள் ஃபோனில் துள்ளினாள்.

"ஆன்ட்டி! சனிக்கிழமை எங்க துறையில பெரிய கண்காட்சி. அம்பது வருஷமா இங்க நடந்த எல்லா ஆராய்ச்சியும் சுவர்ல வருது. நடுவுல உங்க ஃபெர்ரி கல்யாணம்தான்! திங்கட்கிழமை என் ஆய்வேட்ட கொடுக்கப்போறேன். நாலாவது அத்தியாயம் முழுக்க அந்தக் கல்யாணம்தான் ஆன்ட்டி. நீங்க இல்லன்னா நான் இல்ல."

தவமணி பலகையில் இருந்த ஆய்வேடுகளைத் திரும்பிப் பார்த்தாள். மற்ற ஏழு பேரும் ஒரு பக்கம், ஒரு அடிக்குறிப்பு என்று கிள்ளிக்கொண்டு போனார்கள். இந்தப் பெண் வீட்டையே அதன்மேல் கட்டியிருக்கிறாள். நாளைக்குத் தேர்வாளர் ஒருவர் தட்டிப் பார்த்து இடிந்து விழுந்தால் நான்கு வருஷமும் போச்சு. சனிக்கிழமையே உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் முடிவு ஆட்டம் கண்டது. அடேயப்பா, இந்த மனிதர்கள் எதைத்தான் விட்டுவைத்தார்கள்! ஜார்ஜ் டவுன் எலிகளைப் பற்றி ஒரு பலகை. ஜப்பான்காரன் காலத்து மரவள்ளிக்கிழங்குச் சமையல் பற்றி ஒன்று. டிராம் வண்டி, ஜாதிக்காய் நோய், கால்பந்துச் சண்டை, நாய் உரிமம், சாக்கடை. எலிகளுக்கு இன்னொரு பலகையும் இருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில், ஆள் உயரத்துக்கு, வண்ணத்தில் வரைந்த ஃபெர்ரி கல்யாணம். கப்டன் கைதட்டுகிறார். காக்கையின் வாயில் பூ. கீழே, "தகவல்: தவமணி ஐயாத்துரை, ஓய்வுபெற்ற கிராணி".

ஹக்கீம் இப்போது டாக்டர் ஹக்கீம். துறையில் விரிவுரையாளர், தொப்பையும் வைத்திருந்தார். மேடையேறி மலாயில் பேசி, கடைசியில் இவளைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"இந்தத் துறையில யார் எதை எழுதினாலும் எங்கயாவது ஒரு மூலைல ஆன்ட்டியோட கல்யாணம் வந்துடும்!"

எல்லோரும் கைதட்டினார்கள். தவமணி எழுந்தாள்.

"அந்தக் கல்யாணம் நடக்கல. நான் சும்மா சொன்னேன்."

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வெடித்தது. ஃபெர்ரியில் கயிறு கட்டும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நல்லமுத்து. எண்பதை நெருங்கியவர்.

"யாரு சொன்னா நடக்கலன்னு? நான் அங்கதான் நின்னேன்! வடை சாப்டேன் லா!"

"எங்க பெரியம்மாகூட போயிருந்தாங்க," என்று ஒரு பெண் எழுந்தாள். மாப்பிள்ளைக்குப் பெரிய மீசை என்றார் மூன்றாமவர். தவமணிக்குத் தலை சுற்றியது. மீசையா? மீசை அவள் வைக்கவே இல்லையே!

"இல்ல, பொய்! நானே கட்டிவிட்டது!" என்று கத்தினாள்.

"ஆன்ட்டிக்கு எப்பவுமே அடக்கம்," என்றார் ஹக்கீம். மறுபடியும் கைதட்டல், முன்னைவிடப் பலமாக. ஒரு நிமிஷம் தவமணிக்கே சந்தேகம் வந்துவிட்டது. வடை நன்றாகத்தான் இருந்ததோ?

கைதட்டாமல் இருந்தது ஒருத்திதான். பிரியந்தி அவள் கையைப் பிடித்து வெளியே மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஆன்ட்டி. உண்மையச் சொல்லுங்க. நடந்துச்சா, நடக்கலயா?"

"நடக்கலம்மா."

"காக்கா?"

"அதுவும் இல்ல."

பிரியந்தி படியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "நாலு வருஷம் ஆன்ட்டி!" என்று முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தவமணி பதறிப்போனாள். பாதி அழுகைதான், மீதி சிரிப்பு. அதற்குள் ஹக்கீம் பின்னாலேயே ஓடிவந்து காதில் வாங்கிவிட்டார்.

"அப்ப என் நூத்திப் பன்னெண்டாம் பக்கம்?"

"உங்க சாக்ஸ் நனைஞ்சிருந்துச்சு தம்பி. பாவமா இருந்துச்சு," என்றாள் தவமணி.

ஹக்கீமும் அதே படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிரியந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி. கல்யாணம் இல்ல. அப்ப தினமும் ஃபெர்ரியில எதுக்குத்தான் போனீங்க?"

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே கேள்வி. மாற்றிப் பேச இனி ஒன்றும் மிச்சமில்லை. தவமணி தோல்பையின் உள்பக்க ஜிப்பைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒரு சின்ன உலோகச் சின்னத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். பேக்டரியில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்ததற்குக் கொடுத்தது. வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடக் குத்திக்கொண்டதில்லை. பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். அப்பா, ஆபீஸ் வேலை, கழிவறை, இடித்த முழங்கை, நீல அங்கி. நாளெல்லாம் பூதக்கண்ணாடியில் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டியது. ஒருநாள் அவசரத்தில் அங்கிக்கு மேலேயே சேலையைச் சுற்றிக்கொண்டு, வேகாத கொழுக்கட்டை மாதிரி வீடு வந்து சேர்ந்தது.

பிரியந்தி சின்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, உள்ள அந்தச் சுவர்ல எலிக்கு ரெண்டு பலகை இருக்கு. நாய்க்கு ஒண்ணு இருக்கு. நடக்காத கல்யாணத்துக்கு நடுவுல இடம் இருக்கு. நீங்க எங்கயுமே இல்ல."

"என்னப் போட என்னம்மா இருக்கு?"

"நாலாவது அத்தியாயம்," என்றாள் பிரியந்தி. ஹக்கீமைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு ஆறு மாசம் வேணும் டாக்டர்."

"எனக்கு ஆறு வருஷம் வேணும் போல," என்றார் ஹக்கீம். ஆனால் தலையை ஆட்டினார்.

பிரியந்தி ஃபோனை எடுத்து ஒலிப்பதிவை அழுத்தினாள். "பேரு?"

"தவமணி ஐயாத்துரை."

"என்ன வேலை?"

"கிரா..." என்று வாய் பழக்கத்தில் கிளம்பியது. தவமணி அதைப் பல்லால் கடித்து நிறுத்தினாள். சின்னத்தைத் திரும்ப வாங்கி, சேலை முந்தானையில் குத்திக்கொண்டாள்.

"பேக்டரி! ஆப்பரேட்டர்! இருபத்தெட்டு வருஷம்!"

ஒருத்திக்குக் கேட்டால் போதும். அவள் மண்டபத்துக்கே கேட்கும்படி சொல்லிவிட்டாள். கதவருகே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். நல்லமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"அட, அந்த நீலச் சட்டப் பொண்ணு! டாய்லட்டுக்குள்ள சேல கட்டின ஒருத்தி போவா, நீலச் சட்ட போட்டவ வருவா. மொத நாள் பயந்துட்டேன் லா!"

பிரியந்தி கண்ணைச் சுருக்கி அவரைப் பார்த்தாள். பிறகு தவமணியைப் பார்த்தாள்.

"இது உண்மைதான்மா," என்றாள் தவமணி. அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது! "ஏண்ணே, இத்தன வருஷமா யாருகிட்டயும் சொல்லலயா?"

"ஆபீஸ் பொண்ணுன்னு உங்க அப்பா சொன்னாரு. மனுசன் அவ்ளோ ஆசையா சொன்னாரு, நான் எதுக்குக் கெடுக்கணும்?"

தவமணி சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை. நல்லமுத்து இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இருங்க அங்கிள், உங்க முறை அப்புறம்," என்று பிரியந்தி ஃபோனைத் தவமணி பக்கம் நகர்த்தினாள். "ஆன்ட்டி, மொதல்ல இருந்து."

தவமணி படியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். "அஞ்சரை ஃபெர்ரி," என்று தொடங்கினாள்.