முப்பத்தொன்றாம் கல்

குறுங்கோள்களைப் பற்றிப் படிக்கிறவன் எந்நேரமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்ப்பதெல்லாம் தரையையும் அடுத்தவர் கையில் இருக்கும் கல்லையும்தான். வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய், என்ன படிக்கிறேன் என்பதை அந்த வீட்டுக்கே சொல்லிப் புரியவைக்க முடியாமல் விழித்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு என் கஷ்டம் தெரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

வீடு கட்டி மிஞ்சியது

எங்கள் ஊர் எறையூர். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர், சித்தப்பா கொத்தனார். ஒரு விடுமுறையில் சித்தப்பா, "நீ என்னதான்டா படிக்கிற, யாராவது கேட்டா சொல்லத் தெரியல" என்றார். அவர் தொழிலை வைத்தே சொன்னால் புரியும் என்று நினைத்தேன். சூரியனைச் சுற்றித் தூசும் கல்லும் ஒன்றோடொன்று ஒட்டி ஒட்டித்தான் பூமி மாதிரியான கோள்கள் உண்டாயின. வீடு கட்டி முடித்த பிறகு வாசலில் உடைந்த செங்கலும் ஜல்லியும் கிடக்குமே, அதுபோலச் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் மிஞ்சிக் கிடப்பவைதான் குறுங்கோள்கள். அதிலிருந்து உடைந்து எப்போதாவது ஒரு துண்டு இங்கே விழும். அந்தத் துண்டைப் பார்த்து, வீட்டை எப்படிக் கட்டினார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்றேன்.

சித்தப்பா கவனமாகத்தான் கேட்டார். பூசுகிற கரணையைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னார்: "மிஞ்சுன கல்ல வச்சு வீட்டக் கண்டுபிடிக்கவா நாலு வருசம்? கட்டுன கொத்தனாரக் கேட்டா ஒரு நிமிசத்துல சொல்லிட்டுப் போறான்."

சேதம்: இல்லை

இந்தப் படிப்பின் நாலாம் வருடத்தில், ஒரு நாள் சாயங்காலம், பெரம்பலூர் பக்கத்தில் பெரிய வெளிச்சம் ஒன்று வானத்தில் கிழக்கு மேற்காக ஓடியதாகவும் வெடிச் சத்தம் கேட்டதாகவும் சித்தப்பாவே போன் செய்தார். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடம் அடுத்த நாளே என்னை ஊருக்கு அனுப்பினார். பதினைந்து நாள் தவணை. புதிதாக விழுந்த கல் கிடைத்தால் என் ஆய்வேட்டுக்குச் சொந்தமாக ஒரு அத்தியாயம் சேரும். கிடைக்காவிட்டால், பிறர் ஏற்கெனவே அளந்த துண்டுகளை நானும் ஒரு தடவை அளந்தேன் என்பதோடு ஆய்வேடு முடியும். அதை வைத்துக்கொண்டு எங்கேயும் வேலை கேட்க முடியாது என்பது மேடத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதலில் வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனேன். கல் விழுந்திருந்தால் யாராவது வந்து சொல்லியிருப்பார்கள் அல்லவா. அவர் நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு படிவத்தையும் எடுத்துக் காட்டினார். இயற்கைச் சீற்றம் என்றால் குடிசை, மாடு, பயிர் என்று அதில் கட்டம் கட்டமாக இருந்தது. எதிலும் எழுத ஒன்றும் இல்லை. "கூரை மேல விழுந்திருந்தா சொல்லுங்க தம்பி, இன்னைக்கே அறிக்கை அனுப்புறேன். சேதம் இல்லன்னா, எங்க கணக்குப்படி விழலன்னுதான் அர்த்தம்."

பொட்டு வைத்த குண்டு

டீக்கடைகளில் ஒரு தாள் ஒட்டினேன்: புதிதாகக் கறுப்புக் கல் பார்த்தவர்கள் இந்த எண்ணுக்கு அழைக்கவும். என் பையில் நூலில் கட்டிய காந்தம், ஒரு லென்ஸ், சித்தப்பா கொடுத்த பாத்ரூம் டைல்ஸ் ஒன்று, ஒரு குறிப்பேடு. டைல்ஸின் பின்பக்கத்தில் கல்லை இழுத்தால் சில கற்கள் கோடு போடும். விண்கல் பெரும்பாலும் போடாது. குறிப்பேட்டில் எண், இடம், நிறம், காந்தம், துளை, முடிவு என்று கட்டங்கள்.

மூன்றாம் நாள் அரியலூரிலிருந்து ஒருவர் பைக்கில் வந்தார். துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி எடுத்து வந்தார். பிரித்தால், அச்சில் வார்த்த மாதிரி உருண்டையாக ஓர் இரும்புக் குண்டு. உச்சியில் குங்குமம். காந்தம் போய் டக்கென்று ஒட்டியது. அவர் முகம் மலர்ந்தது. சிமென்ட் ஆலையில் அரைக்கிற உருளைக்குள் இந்த மாதிரி குண்டுகளைப் போடுவார்கள், தேய்ந்ததும் கழித்துவிடுவார்கள், லாரியிலிருந்து உருண்டிருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் துண்டை முன்பைவிடப் பத்திரமாகச் சுற்றினார். "மூணு வருசமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என் சம்சாரம் இதுக்குப் பொட்டு வச்சுகிட்டு இருக்கு சார். நான் சொல்ல மாட்டேன். சொல்றதுன்னா நீங்க வூட்டுக்கு வந்து சொல்லுங்க."

பத்து கோடி வருடம்

அரியலூர்ப் பக்கம் தேடச் சித்தப்பாவின் டி.வி.எஸ்.ஸில் போனோம். அங்கே எங்கே தோண்டினாலும் பழைய கடலின் சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடக்கும். ஓடையோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் சுருள் சுருளான கல் நத்தை ஒன்றைக் கொடுத்தார். உள்ளங்கை அகலம், வரிவரியாக அவ்வளவு அழகு. என் வேலைக்கு ஆகாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வண்டியில் வரும்போது சித்தப்பா, "ஏன், அது பழசு இல்லியா?" என்று கேட்டார். பழசுதான், பத்து கோடி வருடம் இருக்கும், ஆனால் நான் தேடுவது நானூற்றைம்பது கோடி வருடத்துக் கல், அதோடு ஒப்பிட்டால் இது நேற்றைக்கு வந்தது என்றேன். அவர் ஒரு பள்ளத்தைச் சுற்றி வண்டியை ஓட்டினார். பிறகு தலையைத் திருப்பாமலே சொன்னார்: "பத்து கோடி வருசத்த நேத்துங்குற. உனக்குப் பொண்ணு பாக்கணும்னு உங்கப்பன் அவசரப்படுறான் பாரு, அவனச் சொல்லணும்."

சரிங்க தம்பி

ஆறாம் நாள் அரும்பாவூருக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் முப்பது கல் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை. முதல் நாள் ஒரு கல்லுக்கு இருபது நிமிடம் எடுத்துக்கொண்டவன், இப்போது இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்வதற்கு நாக்கு பழகிவிட்டது.

செல்வி அக்கா என்று ஒருவர் வந்தார். பக்கத்தில்தான் அவருடைய வெங்காயக் காடு. பிளாஸ்டிக் பையிலிருந்து கைப்பிடி அளவுக்கு ஒரு கல்லை எடுத்தார். தார் பூசிய மாதிரி கறுப்பு, பளபளப்பு. ஒரு மூலை உடைந்து உள்ளே வெளிர் சாம்பல் நிறம் தெரிந்தது. "வரப்போரமா கெடந்துச்சுங்க. அந்தச் சத்தம் கேட்டதுக்கு முந்தி அங்க இல்ல." காந்தத்தைப் பக்கத்தில் பிடித்தேன். நூல் அசையவில்லை.

பெரும்பாலான விண்கற்களில் இரும்புத் துகள் உண்டு, காந்தம் இழுக்கும். நான் ஆராய்வதும் அந்த வகைதான். இழுக்காத வகையும் உண்டு என்பது எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் எறையூரில் எங்கள் தெருதான் ஞாபகத்துக்கு வந்தது. சர்க்கரை ஆலை பாய்லரில் இறுகிப்போகும் கசடு இப்படித்தான் கறுப்பாக மின்னும். அதைக் கொட்டித்தான் எங்கள் தெருப் பள்ளத்தை மூடினார்கள், அதன் மேல் விழுந்து முட்டி பெயர்ந்து வளர்ந்தவன் நான். போட்டோ எடுத்தேன், கட்டங்களை நிரப்பினேன், பாய்லர் கசடு அக்கா, லாரியிலிருந்து விழுந்திருக்கும் என்றேன். அவர் கல்லைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். "சரிங்க தம்பி. படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். வெங்காயப் பட்டறைல தார்ப்பாய் காத்துக்குப் பறக்குது, அது மேலயாவது வச்சுக்கிறேன்."

துளை இல்லை

பதினைந்து நாள் முடிந்து வெறுங்கையோடு திரும்பினேன். மேடம் கோபிக்கவில்லை. குறிப்பேட்டையும் போட்டோக்களையும் வாங்கி, கல் கல்லாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முப்பத்தொன்றில் நின்றார். போட்டோவைப் பெரிதாக்கினார். "இது எங்கே?" என்றார். அரும்பாவூரில் இருக்கிறது, பாய்லர் கசடு என்றேன். குறிப்பேட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார். நிறம்: கறுப்பு, பளபளப்பு. உள்ளே: வெளிர் சாம்பல். காந்தம்: இல்லை. துளை: இல்லை. எல்லாம் என் கையெழுத்து. கசடு என்றால் உடைந்த இடத்தில் குமிழி குமிழியாகத் துளை இருக்கும். இதில் ஒன்றுகூட இல்லை. அதை நானே பார்த்து நானே எழுதியிருந்தேன்.

கோள்கள் உண்டான தொடக்கத்தில் சில சிறு உருண்டைகள் சீக்கிரமே சூடேறி உருகின. கனமான இரும்பு அடியில் போய்ச் சேர்ந்தது, மேலே பாறை உறைந்தது. பூமி வளர்ந்ததும் இப்படித்தான். அவை மட்டும் அதற்கு மேல் வளராமல் நின்றுவிட்டன. அப்படி ஒன்றின் மேல்தோல் உடைந்து இங்கே விழுந்தால், அதில் காந்தம் இழுக்கும் அளவுக்கு இரும்பு இருக்காது. இதெல்லாம் எனக்கு மேடம் சொல்லிக்கொடுத்ததுதான். மறுபடி சொல்லாமல் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "கண்ணால பார்த்ததெல்லாம் சரியா எழுதியிருக்கே. முடிவை மட்டும் யாரைக் கேட்டு எழுதினே?"

கட்டத்தில் இல்லாதது

அன்றைக்கே பஸ் ஏறினேன். விடியற்காலை பெரம்பலூரில் இறங்கி அரும்பாவூர் பஸ் பிடிக்கிற வரை, என்ன சொல்லிக் கேட்பது என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. நான் தவறியது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. எங்கள் குடும்பத்தில் இத்தனை வருடத்தில் படித்த ஆள் என்று இருப்பது நான் ஒருவன். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றால், அது என்னோடு நிற்காது என்று பயம்.

காட்டுக்குப் போனால், வெங்காயத்தைக் குவித்து மூடிவைத்திருந்த பட்டறை இல்லை. வெங்காயம் மூன்று நாளைக்கு முன்னால் லாரி ஏறிவிட்டது. தார்ப்பாய் மடித்துக் கிடந்தது. அதன் மேல் இருந்த கற்கள் கிணற்று மேட்டில் குவிந்திருந்தன. குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கறுப்பாக ஒன்றும் இல்லை. செல்வி அக்கா மாட்டைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னைக்கு நான் தப்பா சொல்லிட்டேன். அது கசடு இல்ல. வானத்திலேர்ந்து விழுந்ததுன்னுதான் இப்ப நினைக்கிறோம்."

அவர் மாட்டைக் கட்டிவிட்டு மோட்டார் ரூமுக்குப் போனார். கதவு மூடிக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்து வந்தார். முப்பத்தொன்று. குறிப்பேட்டை எடுத்தேன். எங்கள் குறிப்பேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தவற்றின் மேல் ஒரே கோடு, அடியில் எழுதியது படிக்கிற மாதிரி. பக்கத்தில் திருத்தம், தேதி, கையெழுத்து. பாய்லர் கசடு என்பதன் மேல் கோடு போட்டேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"என்னன்னு எழுதியிருக்கு, படிங்க."

"முப்பத்தொன்று. இடம், அரும்பாவூர்."

"யாரு குடுத்தான்னு?"

அதற்குக் கட்டமே இல்லை. முன் பக்கங்களைப் புரட்டினேன். அரியலூர்க் குண்டுக்காரர் பெயரும் இல்லை, ஓடையோரத்து ஆள் பெயரும் இல்லை. கல் உறுதியானால் பெயர் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன் போலிருக்கிறது. பக்க ஓரத்தில், செல்வி, கண்டெடுத்தவர் என்று எழுதிக் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். கல்லை அப்போதுதான் என் கையில் வைத்தார். "இனிமே பேர மொதல்ல எழுதுங்க தம்பி. கல்லு என்னன்னு பொறவு பொறுமையா பாத்துக்கலாம்."

சோதனையில் அது மேடம் நினைத்த வகைதான் என்று உறுதியாயிற்று. விழுந்த கல் அரசுக்குச் சேர வேண்டியது என்பதால் வி.ஏ.ஓ. வழியாகவே போயிற்று. அவர் தம் அறிக்கையில் சேதம் என்ற கட்டத்தில் அப்போதும் இல்லை என்றே எழுதினார். அறுத்த துண்டு ஒன்று ஆராய்ச்சிக்காக என்னிடம் வந்திருக்கிறது.

நானூற்றைம்பது கோடி வருடத்துக் கல்லை எட்டு நாள் வெங்காயத்துக்கும் மூன்று நாள் மோட்டார் ரூம் கதவுக்கும் காவல் வைத்தவன் என்ற தகுதியோடு, அதைப் பற்றிய அத்தியாயத்தை நானே இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.