சாவியைக் கொடுத்தவர்களும் வாங்கித் தந்தவனும்

சவூதியில் தம்மாம் கடலோர உப்பு மண்ணில் சாரம் நிற்காது என்று இரண்டு கம்பெனிகள் கைவிட்டுப்போன தண்ணீர்த் தொட்டிக்குச் சாரம் கட்டி நிறுத்தியவன் நான். குவைத்தில் மங்காஃபில் கிரேன் பழுதாகி ஆட்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தபோது, கப்பியும் கயிறும் வைத்தே கம்பியை மேல்மாடிக்கு ஏற்றி வேலையை முடித்துக் கொடுத்தவன் நான். இன்று ஷார்ஜாவில் சாரம் வாடகைக்கு விடும் யார்டு எனக்குச் சொந்தம். மகள்கள் இருவரையும் நர்ஸாக்கினேன். இத்தனைக்கும் நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதையும் முழுதாக முடிக்கவில்லை. இதே ஷார்ஜாவில் முவைலா லேபர் கேம்ப்பில் தமிழ், மலையாளம், பெங்காலி, இந்தி என்று நாலு மொழிக்காரர்களும் ஒரே அண்டாவில் சாப்பிட்ட மெஸ்ஸை ஆரம்பித்தவனும் நான்தான். மற்றதெல்லாம் இரும்பும் சிமெண்டும். மெஸ் அப்படியில்லை, அதைக் கட்டியதைவிடக் காப்பாற்றியதுதான் பெரிய வேலை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் ஃபோர்மேனாக அந்தக் கேம்ப்புக்கு வந்தபோது ஒவ்வொரு ரூமும் தனித்தனியாகச் சமைத்துக்கொண்டிருந்தது. டூட்டி முடிந்து வந்தால் அடுப்புக்கு அடிதடி. நான் ரூம் ரூமாகப் பேசி ஒரே அடுப்பாக்கினேன். சமையலுக்கு ஒரு பங்களாதேஷ் பாயை வைத்தோம். சாம்பாரில் புளி எவ்வளவு என்று அவருக்குக் காட்டிக்கொடுத்ததே நான்தான். பிறகு என்னைவிட நன்றாக வைத்தார், அதை மறுக்கவில்லை. காய் நறுக்குவது, அண்டாவைத் தூக்கி இறக்குவதெல்லாம் ரூம் முறைப்படி நடக்கும். முறை வந்த ரூமிலிருந்து நாலு பேர் வந்து நிற்க வேண்டும். ஸ்டோர் சாவி கமிட்டியிடம் இருக்கும். ஃபோர்மேன் கமிட்டியில் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டதும் நான்தான்.

கொரோனா வந்தது. சைட்டை மூடினார்கள், கேம்ப் கேட்டையும் மூடினார்கள். சம்பளம் பாதியாகி, அதுவும் நின்றது. பாதிப் பேரை ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்று ஒரு நாள் செய்தி வரும். மறுநாள் விமானமே இல்லை என்பார்கள். யார் போவார், யார் இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவனையே சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அப்போது கமிட்டியை நடத்தியவர்கள் இருவர். ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கம், ஒருவர் ராமநாதபுரம் பக்கம். நல்ல மனிதர்கள்தான், ஆனால் ஒருவர் சரி என்றால் மற்றவர் கூடாது என்பார். பருப்பா மீனா என்பதற்கே கூட்டம் போட்டுக் கலைந்தார்கள். சரக்கு வாங்க முடிவெடுக்காமல் மத்தியானச் சோறு பொழுது சாய்கிற நேரத்துக்கு வந்தது. வேலையும் இல்லை, சோறும் நேரத்துக்கு இல்லை என்றால் மனிதனுக்கு என்ன மிஞ்சும்? கோபம்தான்.

அந்தக் கோபத்துக்காகவே காத்திருந்ததுபோல ஒருவன் எழுந்தான். கம்பி கட்டுகிறவன், எங்கள் ஜில்லாக்காரன்தான். வேலை ஒழுங்காக நடந்த நாட்களிலும் அவன் பெங்காலிகளைத் திட்டித்தான் பேசினான், அப்போது ஆட்கள் சிரித்துவிட்டுத் தூங்கப் போனார்கள். இப்போது உட்கார்ந்து கேட்டார்கள். நம் வேலையைப் பறித்தவன் பெங்காலி, நோயைக் கொண்டுவந்தவனும் பெங்காலி, நம் அடுப்பில் அவன் கை எதற்கு என்றான். கேட்டவர்கள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டதும் எனக்குத் தம்மாமில் பழகிய ஜெர்மன்காரர் ஞாபகம் வந்தது.

அவர் கிரேன் பரிசோதிக்க வருகிறவர், என் வயதுதான் இருக்கும். நான் அவரைச் சைட்டுக்கு அழைத்துப்போய் வருவேன். எங்களுக்குள் பாதி சைட் இங்கிலீஷ், பாதி இந்தி, மீதி கை ஜாடை. ஒருமுறை மேஸ்திரி ஒருவர், பாகிஸ்தான் பட்டாணியர் ஒருவரை இனத்தைச் சொல்லித் திட்டி அடிக்கப் போனபோது ஜெர்மன்காரர் குறுக்கே போய் நின்றார். வண்டியில் திரும்பும்போது காரணம் கேட்டேன். தன் தாத்தா கதையைச் சொன்னார், பல நாள் தவணையில்.

தாத்தா ஒரு சின்ன ஊரில் குமாஸ்தா. முதல் உலகப்போரில் ஜெர்மனி தோற்ற பிறகு அங்கே பணம் காகிதமாகிப் போயிற்று. காலையில் ரொட்டிக்கு இருந்த விலை சாயங்காலம் இருக்காது. ஆயுசு முழுதும் சேர்த்தது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகவில்லை. பிறகு அமெரிக்கக் கடனில் சில வருஷம் நன்றாக ஓடியது. அமெரிக்காவில் சந்தை விழுந்ததும் கடன் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள். ஆலைகள் மூடின, தெருவெல்லாம் வேலையில்லாத ஆட்கள். பார்லிமெண்டில் கட்சிகள் ஒன்றோடொன்று சேரவில்லை. தொழிலாளர் கட்சிகள் இரண்டு இருந்தன, அவை எதிரியைவிட ஒன்றையொன்றுதான் அதிகம் திட்டின. கிழட்டு ஜனாதிபதி உத்தரவு போட்டே நாட்டை ஓட்டினார். ஜனங்களுக்கும் பார்லிமெண்ட் இல்லாமலே நாடு ஓடுவது பழகிப்போயிற்று.

நல்ல நாட்களில் யாரும் சட்டை பண்ணாத ஒருவன், எல்லாத் துன்பத்துக்கும் யூதர்களே காரணம் என்று கத்திக்கொண்டிருந்தான். கெட்ட நாள் வந்ததும் அவன் கட்சிதான் பெரிய கட்சி. தாத்தாவும் அவனுக்கு ஓட்டுப் போட்டார். “தாத்தா கெட்டவர் இல்லை, பயந்தவர்” என்றார் ஜெர்மன்காரர். நாட்டில் பாதிப் பேர்கூட அவனுக்கு ஓட்டுப் போட்டதில்லையாம். கடைசியில் ஓட்டுக் குறையக்கூடத் தொடங்கியதாம். அந்த நேரம் பார்த்துப் பெரிய மனிதர்கள் சிலர், இவனை முன்னால் நிறுத்தி நாம் பின்னால் இருந்து ஓட்டிக்கொள்ளலாம் என்று ஆட்சியைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தார்கள். சில மாதத்தில் வேறு கட்சியே நாட்டில் இல்லை. பிறகு நடந்ததைச் சொல்லும்போது அவர் வண்டியின் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நம்ம கமிட்டிக்காரர்களும் அதையேதான் செய்யப் போனார்கள், ஸ்டோர் சாவியை அந்தக் கம்பி கட்டுகிறவன் கையில் கொடுப்பது என்று. கேள்விப்பட்டதும் ஓடினேன். தஞ்சாவூர்க்காரர் சாந்தமாகச் சொன்னார்: “ரெண்டு வாரம்தாண்ணே. அவன முன்னால விட்டு நாங்க வேலை வாங்கிக்கிறோம். பயலுக அடங்குனதும் சாவிய வாங்கிருவோம்.”

“அவன் பேச்சுக்கு முந்தாநாளு வந்த கூட்டம் நேத்து வரல. தானா அடங்குறவனுக்கு நீங்க எதுக்குய்யா சாவியக் குடுக்குறீங்க?” என்று கேட்டேன். ஜெர்மனிக் கதையையும் சொன்னேன்.

ராமநாதபுரத்துக்காரர் சிரித்தார். “அஞ்சாங் கிளாஸ்ல ஜெர்மனி வரைக்கும் பாடம் நடத்துனாங்களாண்ணே?”

அத்தனை நாளும் ஒத்துப்போகாத இருவரும் அந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். சாவி கைமாறியது.

பொய் சொல்ல மாட்டேன், முதல் சில நாள் சோறு நேரத்துக்கு வந்தது. கேம்ப்பே அவனைப் புகழ்ந்தது. பிறகு சமையல் பாயை வெங்காயம் உரிக்க உட்கார வைத்தான். அப்புறம் கிச்சனுக்குள்ளேயே வரக் கூடாது என்றான். பங்களாதேஷ்காரர்கள் எல்லோருக்கும் கடைசியில், மிஞ்சியதைச் சாப்பிட வேண்டும் என்று ஆயிற்று. இது அநியாயம் என்று சொன்ன மலையாளிகளுக்கும் அதே வரிசை. தஞ்சாவூர்க்காரர் போய்ச் சாவியைக் கேட்டார். அவன் மரியாதையாகவே பதில் சொன்னானாம்: “எந்தச் சாவி, மாமா?”

அன்றைக்கே முடிவு பண்ணினேன். இந்த அடுப்பு பழையபடி ஒரே அடுப்பாகாமல் நான் ஊருக்கும் போவதில்லை, சும்மா உட்காருவதுமில்லை. நான் ஆட்களைத் தூண்டிவிடுகிறேன் என்று கம்பெனி ஆபீஸில் அவன் ஒரு வார்த்தை போட்டால் என் விசா கேன்சல். ஊருக்கு அனுப்ப ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. ஆனால் ஆகட்டும் என்று இறங்கினேன்.

முதல் காரியமாக அந்த இரண்டு பேரையும் ஒரே கட்டிலில் உட்கார வைத்தேன். பருப்பா மீனா என்பதைப் பிறகு பேசலாம், இப்போது வாயை மூடிக்கொண்டு என்னோடு வாருங்கள் என்றேன். ஒரு ரூம் விடாமல் வாசலில் நின்று பேசினேன். சண்டைக்குக் கூப்பிடவில்லை. “சாவி ஸ்டோரைத்தான்யா தொறக்கும். அண்டாவைத் தூக்குறது நம்ம கை. பாய் அடுப்புக்கு வர்ற வரைக்கும் உங்க முறை வந்தா தூக்காதீங்க,” அவ்வளவுதான். சில ரூமில் கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவை மறுபடி போய்த் தட்டினேன்.

மறுநாள் மத்தியானம் அண்டாவில் சோறு வெந்துவிட்டது. இறக்க ஆள் இல்லை. சாவி வைத்திருந்தவன் முறைக்கார ரூமைக் கூப்பிட்டான், எல்லோரும் தட்டோடு நின்றார்களே தவிர நகரவில்லை. அவனுடைய ஆட்களில் இருவர் போய் அண்டாவின் கைப்பிடிக் காதுகளைப் பிடித்தார்கள், அசைக்க முடியவில்லை. மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான், அவர்கள் கீழே பார்த்தார்கள். அடிப்பிடிக்கிற வாசனை கிளம்பியது. பசியோடு நிற்கிற கூட்டத்துக்கு அந்த வாசனையைவிடப் பெரிய பேச்சு இல்லை. கடைசியில் அவன் ரூம்காரன் ஒருவனே, “சோறு கரியுதுய்யா, அந்தப் பாயைக் கூப்பிட்டுத் தொலைங்க,” என்றான்.

பாய் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். “ஆவூன், சாச்சா?”, வரட்டுமா என்று என்னைத்தான் கேட்டார், அவனை இல்லை. வா என்றேன். ஒரு காதை அவர் பிடித்தார், ஒன்றை நான் பிடித்தேன், மற்ற இரண்டு பக்கமும் கமிட்டிக்காரர்கள். நாலு பேரும் சேர்ந்து இறக்கினோம். அடி கருகிய சோற்றை அன்று எல்லோரும் ஒரே வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டார்கள். நான் அவன் முன்னால் போய்க் கையை நீட்டினேன். சாவியை உள்ளங்கையில் வைத்தான். அவனை விரட்டவில்லை. “நாளைக்கு உன் ரூம் முறை, நீயும் வந்து தூக்கு,” என்றேன். வந்து தூக்கினான். அதன்பின் ஸ்டோருக்கு இரண்டு பூட்டுப் போட்டேன். ஒரு சாவி ஒரு மொழிக்காரரிடம், மற்றது வேறு மொழிக்காரரிடம். ஒருவர் மட்டும் திறக்க முடியாது.

ஒரு அண்டாவை வைத்து ஒரு நாட்டை நிறுத்திவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் எதிர்த்தவர்களைச் சிறையில் அடைத்தார்கள், கொன்றார்கள். என்னை மிஞ்சிப்போனால் ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் சாவியைக் கொடுப்பதற்கு முந்தின நாள் வரைக்கும் அங்கேயும் இங்கேயும் விஷயம் ஒன்றுதான். கொடுக்காதே என்று சொல்ல ஆள் வேண்டும், கேட்க ஆள் வேண்டும். சொன்னவன் நான்.

போன வருஷம் இங்குள்ள தமிழர்கள் நடத்திய பொங்கல் விழாவில் “நெருக்கடியில் கேம்ப் மெஸ்ஸைக் காத்த கமிட்டி” என்று மேடையில் ஷீல்டு கொடுத்தார்கள். அந்த இருவரும் பொன்னாடையோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஷீல்டு அவர்களே வைத்துக்கொள்ளட்டும், எனக்கு வேண்டாம். ஆனால் அதில் எழுதியது பாதிதான். சாவியைக் கொடுத்தவர்கள் அவர்கள். கொடுக்காதே என்றவனும், பிறகு ஒவ்வொரு கதவாகத் தட்டி அதைத் திரும்ப வாங்கித் தந்தவனும் நான். விழாக்குழுவினர் அடுத்த முறை மேடையில் ஏறும்போது இதை மைக்கில் சொல்ல வேண்டும், அந்த இருவரையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு.