செருப்பு மிதந்த அஸர்

அத்தாவின் விரல்கள் என் கைக்குள் சில்லென்று வியர்த்திருந்தன. சுற்றிலும் தண்ணீர். நாங்கள் உட்கார்ந்திருந்த திட்டு, காலையில் பார்த்ததில் பாதிகூட இல்லை. கரை தெரிகிறது. கரையில் நிறுத்திய என் ஸ்கூட்டி தெரிகிறது. அதன் சீட்டுக்கு அடியில் ஒரு டப்பா பேரீச்சம்பழம் இருப்பது எனக்குத் தெரியும். நடுவில் ஒரே ஒரு வாய்க்கால். அதை என்னால் தாண்ட முடியவில்லை.

போன ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. தொழுகைக்குத் தக்பீர் கட்டிய கையோடு அடுத்த வேலையை யோசிக்க ஆரம்பிக்கிற என்னைப் போன்ற சகோதரிகள் யாராவது இருந்தால், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் நஸ்ரின். வீடு மரக்காணத்தில். இயற்பியல் பட்டம் முடித்துவிட்டு பி.எட். படிக்கிறேன். அத்தா, அதாவது என் அப்பா, பத்தொன்பது வருஷம் வளைகுடாவில் ஒரு குடோனில் வேலை பார்த்துவிட்டு, உடம்பில் சர்க்கரையோடு ஊர் திரும்பி அப்போது நாலு மாசம்தான் ஆகியிருந்தது. வீட்டில் அவருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. வாசலில் நாற்காலி போட்டு ஈ.சி.ஆரில் போகிற பஸ்ஸை எண்ணுவார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. பத்தொன்பது வருஷமாக அவர் பார்க்காததையெல்லாம் பத்தொன்பது நாளில் காட்டிவிட வேண்டும் என்று ஒரு வேகம்.

அந்த லிஸ்டில் முதலாவது, உப்பளத்துக்குப் பின்னால், குறுகலான முகத்துவாரத்தில் கடலோடு சேர்கிற கழுவெளி ஏரியில் இருக்கிற திட்டுகள். ஏழெட்டு இருக்கும். தண்ணீர் வடிந்தால் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே மேடாகக் கிடக்கும். ஏறினால் தனித்தனித் தீவு. உமரிச் செடி சிவந்து கிடக்கும். அந்த மாசத்தில் பூநாரையும் வரும். மொபைலில் அலை நேரம் காட்டும் ஆப் வைத்திருந்தேன். காலை ஏழுக்கு வடிந்து முடிகிறது, பகல் ஒரு மணிக்கு ஏறி முடிகிறது. ஏழரைக்குப் போய்விட்டு, மூன்றரைக்கு மறுபடி வடிகிற தண்ணீரில் நடந்து திரும்புவது என்று திட்டம். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

உப்பளக் கரையில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீரில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடிக்கிறவர்கள். அதில் ஒருவர் அஞ்சலை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். எப்போது திரும்புவோம் என்று கேட்டார். மூன்றரை என்றேன். அந்த நேரத்துக்குத் தண்ணீர் நின்றுகொண்டிருக்குமே என்றார். நான் போனை எடுத்து அலைக்கோட்டைக் காட்டி விளக்கினேன். வருங்கால டீச்சர் இல்லையா.

"ஏம்மா, தண்ணி உன் போனப் பாத்துட்டா ஏறுது?" என்றார் அவர். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அத்தாவைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். வாய்க்காலில் முழங்கால்கூட நனையவில்லை.

நல்ல பகல் அது. திட்டு திட்டாக நடந்து கடைசியில் இருக்கிற பெரிய திட்டு வரை போய், மதியத்துக்குமேல் கரைக்கு எதிரே இருக்கிற முதல் திட்டுக்கே திரும்பிவிட்டோம். அத்தா பூநாரையைப் பார்த்தபடியே இருந்தார். நிறையப் பேசினார். குடோனில் தொழுகைக்கு விடும் நேரத்தில் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே நிற்பானாம்.

"பத்தொம்பது வருஷம் ஓட்டமாவே தொழுதுட்டேம்மா. இனிமேலாவது நிதானமாத் தொழணும்னு நிய்யத் வச்சிருக்கேன்" என்றார்.

சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டவர், சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டார். வீட்டுக்கு எதற்கு அதைத் தூக்கிக்கொண்டு என்று மிச்சத்தை நானே சாப்பிட்டேன். மாத்திரைக்குப் பிறகு சாப்பாடு குறைந்தால் சர்க்கரை இறங்கிவிடும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மூன்றரைக்குச் சற்று முன் போனில் மாலைத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்னது. நான் பையை மாட்டிக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷத்தில் கரைக்குப் போய்விடலாம், வீட்டில் தொழுதுகொள்ளலாம் என்றேன். அத்தா அசையவில்லை.

"தொழுற வக்து இங்கதானேம்மா வந்துது. இங்கயே தொழுதுட்டுப் போலாம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. தண்ணீர் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பேரும் கை, முகம், கால் கழுவி ஒளு செய்தோம். ஒரு சாண் மேலே தள்ளித்தான் விட்டேன், நன்றாக நினைவிருக்கிறது. அத்தா முன்னால் நின்றார், நான் பின்னால். நாலு ரக்அத். ருகூவில் குனிந்தால் குனிந்தபடியே நிற்கிறார். சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தால் எழுந்திருக்கவே இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அத்தாவின் சஜ்தாவில் நான் ஸ்கூட்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தொழுகையை முடித்து வலப்பக்கம் சலாம் கொடுத்தேன். இடப்பக்கம் திரும்பினேன். என் செருப்பு மிதந்துகொண்டிருந்தது.

ஒன்று திட்டின் ஓரமாகச் செடியில் மாட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று போய்க்கொண்டிருந்தது. வடிகிற தண்ணீர் என்றால் கடல் பக்கமாக அல்லவா போக வேண்டும்? அது உள்பக்கமாகப் போனது. கடல் எப்போதோ வடிய ஆரம்பித்திருக்கும். ஆனால் அந்தக் குறுகலான முகத்துவாரம் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து நிரம்ப அதற்குப் பிறகும் மூன்று மணி நேரம் பிடிக்கும். என் ஆப் காட்டியது கடலின் நேரம். நான் நின்றதோ கழுவெளியில். அத்தா மட்டும் தொழவில்லை என்றால், அந்த நிமிஷம் நாங்கள் வாய்க்காலின் நடுவில் இருந்திருப்போம்.

இறங்கிப் பார்த்தேன். மூன்றாவது அடியில் இடுப்பு வரை போனது. சேறு காலைப் பிடித்து இழுத்தது. எப்படியோ திரும்பி ஏறினேன். அக்கா வீட்டு மச்சானுக்குப் போன் செய்தேன். படகு பிடித்துக்கொண்டு வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார். சரி, காத்திருக்கலாம், தண்ணீர் நம்மை முழுக்காட்டாது என்று அத்தாவைப் பார்த்தேன். சட்டை முழுக்க வியர்வை. ஜனவரிக் காற்றில் வியர்வை. என்னைப் பார்த்து, "காதர் பாய், லோடு வந்துடுச்சா?" என்றார்.

காதர் பாய் குடோனில் அவரோடு வேலை பார்த்தவர். சர்க்கரை இறங்கிவிட்டது. பையைக் கொட்டித் தேடினேன். ஒரு மிட்டாய்கூட இல்லை. அந்த ஒரு மணி நேரம் அத்தாவிடம் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

கையேந்தினேன். மனப்பாடம் செய்த துஆ ஒன்றுகூட வாயில் வரவில்லை. தமிழில்தான் கேட்டேன், சத்தமாகவே.

"யா அல்லாஹ், நான் அவசரப்பட்டேன். அவர் அவசரப்படல. என்னோட தொழுகையப் பாக்காத. அவரோடதப் பாத்து எங்களக் கரை சேத்துடு."

ஆமீன் சொல்லி முகத்தைத் தடவினேன். கை எடுத்தபோது, திட்டின் அந்தக் கோடியில் தண்ணீருக்கு மேல் ஒரு தலை வந்துகொண்டிருந்தது. வாயில் இறால் போடும் ஓலைப் பறியைக் கவ்விக்கொண்டு, காலையில் என் போனைக் கிண்டல் செய்த அதே அஞ்சலை. கரையேறி, பறியைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் கேட்டது இதுதான்:

"இன்னா தொலைச்சீங்க?"

எனக்கு விளங்கவில்லை.

"அந்தாண்ட இருந்து பாத்தேன். ரெண்டு பேரும் குனியிறீங்க, எழுந்திருக்கிறீங்க, தரையில மண்டைய வச்சித் தேடுறீங்க. கம்மலு கிம்மலு வுட்டுட்டீங்கபோலன்னு வந்தேன். இந்தத் தண்ணியில யாரு எதத் தொலைச்சாலும் எங்களத்தான் கூப்புடுவாங்க. தடவி எடுத்துக் குடுப்போம்."

நான் அத்தாவைக் காட்டினேன். சர்க்கரை என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அஞ்சலை உடனே இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பாட்டிலை அவிழ்த்தார். வெல்லம் போட்ட வரக்காப்பி. நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கிறவர்கள் குளிருக்குக் குடிப்பது. அத்தாவின் தலையைத் தன் மடியில் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். கால் மணி நேரம் இருக்கும். எனக்கு அது ஒரு வருஷம்.

"நஸ்ரின்மா, உன் செருப்பு எங்க?" என்றார் அத்தா.

நான் அழுதுவிட்டேன்.

கரைக்கு நேராகப் போகக் கூடாதாம். பக்கத்துத் திட்டைச் சுற்றிப் போனால் அடியில் கிளிஞ்சல் கெட்டியாகப் படிந்திருக்கும், அங்கே சேறு கிடையாது. அத்தாவை நடுவில் விட்டு ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம். தண்ணீர் நெஞ்சு வரை வந்தது. நான் அப்போதும் வேகமாகத்தான் காலை எடுத்து வைத்தேன்.

"காலத் தூக்காத. தேச்சிக்கினே வா. கிளிஞ்சலு குத்துனா சரியான வழி" என்றார் அஞ்சலை. பிறகு, "போன் இன்னா சொல்லுது இப்போ?" என்றார். போன் என் தலைமேல் டிபன் பாக்ஸுக்குள் இருந்தது. அது ஒன்றும் சொல்லவில்லை.

கரையில் ஏறி, அத்தா பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் மச்சானின் படகுச் சத்தம் கேட்டது. மற்ற இரண்டு பெண்களும் வந்துவிட்டார்கள். பழ டப்பா அவர்களுக்குள் சுற்றி வந்தது. அஞ்சலைக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை.

"ஒண்ணும் தொலைக்கலன்னா, அங்க இன்னாதான் பண்ணிக்கினு இருந்தீங்க?"

தொழுகை என்று அத்தா சொன்னார். அல்லாஹ்விடம் கேட்பது என்று சொன்னார். அஞ்சலை பழத்தின் கொட்டையைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"அப்ப தேடுனீங்கதான. கெடச்சிதா?"

"கெடச்சிதும்மா" என்றார் அத்தா. அஞ்சலைக்காகவும் அவர் பிள்ளைகளுக்காகவும் அங்கேயே கையேந்தினார். இந்தமுறை நான் அவசரப்படாமல் ஆமீன் சொன்னேன்.

நான் அதிகம் படித்தவள், கேள்வி கேட்கிறவள். இதையும் திருப்பித் திருப்பி யோசித்துப் பார்த்துவிட்டேன். நான் கையேந்திய பிறகு அஞ்சலை கிளம்பி வரவில்லை. அதற்கு முன்பே, எங்களுக்கு ஆபத்து என்று எங்களுக்கே தெரியாதபோதே, அத்தாவின் நீளமான சஜ்தாவைப் பார்த்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார். நான் கேட்பதற்கு முன்பே பதில் தண்ணீரில் வந்துகொண்டிருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது எங்கள் வீட்டில் அஸர் அத்தாவின் பின்னால்தான். போன் வேறு அறையில் இருக்கும். அந்த ஒற்றைச் செருப்பை அலமாரியில் வைத்திருக்கிறேன். தூக்கிப் போடச் சொல்லி அம்மா தினமும் திட்டுகிறார்கள். மனசு பெட்ரோலுக்கும் பஸ்ஸுக்கும் இன்னும் ஓடத்தான் செய்கிறது. ஓடும்போது செருப்பைப் பார்ப்பேன். திரும்பி வந்துவிடும்.

இதைப் படிக்கிற சகோதரியே, உங்களைச் சுற்றியும் ஏதோ ஒரு தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கலாம். அடுத்த தொழுகையில் ஒரே ஒரு சஜ்தாவை மட்டும் நீளமாக வைத்துப் பாருங்கள். பார்க்கிறவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். எந்தக் கரையிலிருந்து யாரை அனுப்புவான் என்பது மட்டும்தான் நமக்குத் தெரியாது.